கறுக்காத செல்

6

"இதுல வச்சுப் பாத்தா பிரியாணில கறி எங்க இருக்குன்னு தெரியுமா சார்?" என்று கேட்டான் அல் அமீன்.

ஜெரோம் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. தன் பொறுப்பில் இருந்த எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் அறையில் இரண்டு நாற்காலிகளை இழுத்துப் போட்டார். முப்பத்தைந்து வயதிருக்கும். சட்டைக் காலரில் இஸ்திரி மடிப்பு கத்தி போல இருந்தது. முதுகுப் பக்கம் கசங்கிக் கிடந்தது. எதிரில் நிற்பவருக்குத் தெரிகிற இடத்தை மட்டும் தேய்க்கிற ஆள் என்று சோலையம்மாள் நினைத்துக்கொண்டாள்.

இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்யான கோரிக்கைகளைக் கண்டுபிடிப்பதுதான் அவளுடைய பழைய வேலை. அதை விட்டுவிட்டு திண்டுக்கல்லில் துப்பறியும் அலுவலகம் வைத்திருந்தாள். அல் அமீன் அவளுடைய உதவியாளன். வண்டி ஓட்டுவான், படம் எடுப்பான். பூட்டு ஊரில் பிறந்தும் தன் வாய்க்கு ஒன்று வாங்கிப் போடாதவன்.

வழக்கு பர்ஹானாவுடையது. வத்தலகுண்டு சாலையில் இருக்கும் இந்த ஆராய்ச்சி நிலையத்தில் அவள் முனைவர் பட்டத்துக்குப் படித்தாள். நிலையத்தின் பெருமையாக இருந்த ஒரு செல் வகை அவள் பொறுப்பில் உறைய வைக்கப்பட்டிருந்தது. டைரக்டர் அதில் சில டியூப்களை ஹைதராபாத்தில் ஓர் ஆய்வகத்துக்கு அனுப்பினார். டியூப்களில் இருப்பது வெறும் சாதாரண செல் என்று பதில் வந்தது. உண்மையான செல்லை வெளியே விற்றுவிட்டு வெறும் செல்லை அடைத்துவிட்டாள் என்பது குற்றச்சாட்டு. அன்று மாலை மூன்று மணிக்கு விசாரணைக் குழு கூடுகிறது. முடிவு ஏறத்தாழ தெரிந்த ஒன்றுதான். அவளை நீக்கிவிடுவார்கள். இனி எந்த ஆய்வகமும் அவளை உள்ளே விடாது.

அவளுடைய அத்தா நாகல் நகரில் தோல் வியாபாரி. அவர்தான் சோலையம்மாளைத் தேடி வந்தார். மகள் திருடியிருக்க மாட்டாள் என்றார். ஆனால் அவரிடமும் அவள் வாயைத் திறக்கவில்லை என்றார்.

"நான் பி.காம். எனக்குப் புரியுற மாதிரி சொல்லுங்க. அப்படி என்ன விசேஷம் அந்தச் செல்லுல?" என்றாள் சோலையம்மாள்.

ஜெரோம் பொறுமையாக விளக்கினார். சாதாரண மைக்ராஸ்கோப்பில் ஒளிரும் புரதத்தை வைத்து செல்லுக்குள் எது எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடலாம். இது ஒளியால் பார்ப்பதில்லை, எலக்ட்ரானால் பார்க்கிறது. இதற்கு நிறமும் தெரியாது, மினுக்கமும் தெரியாது. எலக்ட்ரானை மறிக்கிற கனமான பொருள் இருந்தால் அந்த இடம் கறுப்பு, இல்லாவிட்டால் சாம்பல். அதற்காக சோயா செடியின் ஒரு புரதத்தைத் திருத்தி, அதைச் செய்கிற மரபணுவை செல்லுக்குள் வைத்துவிடுவார்கள். பிறகு செல்லே அந்தப் புரதத்தைச் செய்துகொள்ளும். செல் பிரிந்து பெருகினால் அதன் பிள்ளைகளுக்கும் அது போகும். பார்க்க வேண்டிய அன்று ஒரு மருந்தையும் கொஞ்சம் ஹைட்ரஜன் பெராக்சைடையும் விட்டால், புரதம் நிற்கிற இடத்தில் மட்டும் பழுப்பாக ஒரு கசடு படியும். ஆஸ்மியம் என்கிற உலோகம் அந்தக் கசட்டில் போய் ஒட்டிக்கொள்ளும். படத்தில் அந்த இடம் கறுத்து நிற்கும்.

"அதாவது, தேடுற ஆளு அவன் வீட்டு வாசல்ல அவனே தார ஊத்திக்கிடுறான்" என்றான் அல் அமீன்.

"அப்படித்தான். ஆனந்தியும் கிட்டத்தட்ட இப்படித்தான் சொல்லுவா."

ஆனந்தி ஜெரோமின் மனைவி. அந்தச் செல்லை உருவாக்கியவள். பர்ஹானா அவளிடம்தான் வேலை பழகினாள். மூன்று வருடங்களுக்கு முன் புற்றுநோயில் இறந்துபோனாள். அவளுடைய செல்லில் மைட்டோகாண்ட்ரியா மட்டும் கறுக்கும். செல்லுக்கு வேண்டிய சக்தியைத் தயாரிக்கிற உறுப்பு அது.

ஜெரோம் திரையில் இரண்டு படங்களைக் காட்டினார். சாம்பல் பரப்பில் கறுப்புத் திட்டுகள். முதல் படம், ஆனந்தியின் செல் முதன்முதலாக வெற்றி பெற்றபோது அவர் எடுத்தது. இரண்டாவது, அவள் ஆஸ்பத்திரியில் இருந்தபோது எடுத்தது. செல்லை உறைய வைத்த பிறகு ஒரு டியூபை எடுத்துச் சோதித்ததற்கான அத்தாட்சி.

அந்த இரண்டாவது படம்தான் பர்ஹானாவைக் கட்டிப்போட்டது. உறைய வைத்தபோது டியூப் சரியாக இருந்திருக்கிறது. அதன் பிறகு உறைபெட்டிச் சாவி அவளிடம் மட்டுமே இருந்தது.

"சோதிச்சப்ப செல் பழுப்பானத வேற யாரும் பாத்தாங்களா?"

"இல்ல மேடம். நான் மட்டுந்தான்."

"பர்ஹானா எப்படி?"

"நல்ல பொண்ணு. தெரியாம ஏதாவது நடந்திருக்கும்." அவர் அதைத் திரையைப் பார்த்துச் சொன்னார். "கமிட்டிலயும் அதத்தான் சொல்லப்போறேன்."

இரண்டு படங்களையும் தன் போனுக்கு அனுப்பச் சொன்னாள் சோலையம்மாள். அவர் கை மவுஸ் மேல் செத்த நேரம் அசையாமல் இருந்தது. பிறகு அனுப்பினார்.

வெளியே வந்ததும் அல் அமீன் வண்டியை உதைத்தான். "பாவம்க்கா அந்த மனுசன். பொண்டாட்டி செஞ்சத ஒருத்தி வித்துட்டான்னு ஊரே சொல்லுது. அவரு நல்ல பொண்ணுங்கிறாரு."

"அதான் இடிக்குது" என்றாள் சோலையம்மாள். "எம் புருசன் ஞாபகமா ஒரு பித்தளைக் குத்துவிளக்கு இருந்து, அத ஒருத்தி வித்துட்டான்னா நான் அவ முடியப் புடிச்சிருப்பேன். இந்தாளு அவளுக்கு வக்காலத்து வாங்குறாரு. ஆனா அவளக் கவுக்குற படத்தையும் அவருதான் குடுத்திருக்காரு."

ரயில்வே கேட் மூடியிருந்தது. பழனிப் பக்கம் போகிற வண்டி வர வேண்டும். அல் அமீன் அவள் போனை வாங்கி இரண்டு படங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தான்.

"என்னடா தெரியுது?"

"செருப்பு."

"அடி வேணுமா?"

"நெசமாத்தான்க்கா. இந்தப் பெரிய கறுப்புத் திட்டு அச்சு அசல் செருப்பு. குதிகால் ஓரத்துல எலி கடிச்ச மாதிரி ஒரு வெட்டு வேற. மொதப் படத்துல இடது கால். அடுத்ததுல கொஞ்சம் சாஞ்சு கெடக்கு, ஆனா வலது கால். வார் தச்சுட்டா போட்டுட்டு நடக்கலாம்."

ரயில் வந்தது. பெட்டிகள் ஓடி முடிகிற வரை சோலையம்மாள் போனை வாங்கிப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேட் திறந்ததும் பின்னால் இருந்த ஆட்டோக்காரன் ஹாரன் அடித்தான்.

"செருப்பு ஜோடியா இருக்கும். செல்லு எதுக்குடா ஜோடியா இருக்கணும்?"

அல் அமீன் திரும்பிப் பார்த்தான். வண்டியை நேராக நாகல் நகருக்கு விட்டான். பர்ஹானா வீட்டுக்கு இரண்டு தெரு முன்பே நிறுத்தினான். அவன் அண்ணன் அங்கே செருப்புப் பட்டறை வைத்திருந்தார். உள்ளே தோலும் பசையும் கலந்த வாடை. அண்ணன் சாப்பிடப் போயிருந்தார். தரையில் அளவு அட்டைகள் கிடந்தன.

அல் அமீன் ஓர் அட்டையை எடுத்துத் தோல்மேல் வைத்து பென்சிலால் சுற்றி வரைந்தான். இடது கால். குதிகால் பக்கம் அடையாளத்துக்காக ஒரு சின்ன வெட்டு இருந்தது. அதே அட்டையைக் கவிழ்த்து, கொஞ்சம் சாய்த்து வைத்து மறுபடி வரைந்தான். வலது கால். வெட்டு எதிர்ப்பக்கம் போயிருந்தது.

"ஒரு அளவுக்கு ஒரு அட்டைதான்க்கா. கவுத்துப் போட்டா மத்த கால். எங்கண்ணன் ரெண்டாவது அட்டைக்குச் செலவு பண்ண மாட்டாரு."

சோலையம்மாள் போனில் இரண்டாவது படத்தை இடம் வலமாகத் திருப்பினாள். சாய்த்தாள். முதல் படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். செருப்பு மட்டுமல்ல. அதைச் சுற்றியிருந்த சின்னப் புள்ளிகள், மேல் மூலையில் ஓடிய மெல்லிய கோடு, எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்தன. ஓரங்களை வெட்டி, கொஞ்சம் இருட்டாக்கியிருந்தார்கள். அவ்வளவுதான்.

"அப்ப ரெண்டாவது படமே எடுக்கலையா?"

"எடுக்க முடியல. கறுக்குற செல்லு அன்னைக்கே இல்ல. பர்ஹானா கைக்கு வந்ததே வெறுஞ்செல்லுதான்."

"கேசு முடிஞ்சது" என்று அல் அமீன் கைகளைத் தட்டிக்கொண்டான். "அவங்க அத்தா வீட்டுல சாப்பாடு உறுதி."

பர்ஹானா வீட்டில் சாப்பாடு கிடைக்கவில்லை. அவள் கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். இருபத்தாறு வயது. துப்பட்டாவின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். சோலையம்மாள் போனை நீட்டி, படம் கவிழ்ந்த கதையைச் சொன்னாள். அல் அமீன் செருப்பு வரைந்த தோலையும் காட்டினான்.

பர்ஹானா படத்தை ஒரு பார்வைதான் பார்த்தாள்.

"அழிச்சிருங்கக்கா."

"எத?"

"இத. யார்ட்டயும் காட்ட வேணாம்."

சோலையம்மாள் நிறைய குற்றவாளிகளைப் பார்த்திருக்கிறாள். நிரபராதிகளையும் பார்த்திருக்கிறாள். தான் நிரபராதி என்பதற்கான சாட்சியைக் கையில் கொடுத்ததும் முகம் வெளுத்த ஒருத்தியைப் பார்த்ததில்லை.

"உனக்கு இது முன்னாடியே தெரியும்."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கேட்கக் கேட்க, கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். பொறுப்புக்கு வந்தவுடனே அவள் ஒரு டியூபை எடுத்துச் சோதித்திருக்கிறாள். செல் பழுப்பாகவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. மரபணுவை முதலிலிருந்து வேறு செல்லுக்குள் வைத்து, ஆனந்தியின் செல்லைப் புதிதாக உருவாக்க ஆரம்பித்தாள். போன மாதம் ஒரு குடுவையில் பழுப்பு வந்தது. இன்னும் கொஞ்ச நாள் வளர்த்து உறைய வைத்துவிட்டால் பழைய டியூப்களை எடுத்துவிட்டு இதை வைத்துவிடலாம். யாருக்கும் எதுவும் தெரியாமல் போயிருக்கும். அதற்குள் டைரக்டர் பழைய டியூப்களை அனுப்பிவிட்டார்.

"இப்ப என்னை உள்ள விட மாட்டேங்குறாங்க. குடுவைக்குச் சத்துத் தண்ணி மாத்தி நாலு நாளாச்சு. அதுவும் செத்துரும்."

"வாயைத் திறந்தா உள்ள போகலாம். ஏன் திறக்க மாட்டேங்குற?"

பர்ஹானா போனைத் திருப்பி நீட்டினாள்.

"ஜெரோம் சார் மாட்டிக்கிடுவாருன்னா?"

சோலையம்மாள் எழுந்தாள். விசாரணைக்கு இன்னும் நேரமிருந்தது. "நீ சொல்ல வேணாம். நான் அவர்ட்டயே கேட்டுக்கிடுறேன். நீ வந்து குடுவையப் பாரு. அந்தச் செல்லு உன்னை நம்பித்தான் இருக்கு."

அது வேலை செய்தது. பர்ஹானா ஆட்டோவில் பின்னால் வந்தாள்.

ஜெரோம் அதே அறையில் அதே நாற்காலியில் இருந்தார். பர்ஹானாவை வெளியே நிறுத்திவிட்டு சோலையம்மாள் உள்ளே போனாள். போனை மேசைமேல் வைத்தாள். இரண்டு படங்கள், ஒன்றின்மேல் ஒன்று. அல் அமீன் கதவருகே நின்றான்.

ஜெரோம் மறுக்கவில்லை. மறுப்பார் என்று நினைத்துத் தயாராக வந்திருந்த கேள்விகளெல்லாம் வீணாகிவிட்டன.

அவர் சொன்னார். ஆனந்தியை திடீரென்று ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று. செல் அப்போது ஒரே ஒரு குடுவையில் வளர்ந்துகொண்டிருந்தது. உறைய வைக்க டியூப்களில் அவளே பேர் எழுதி வரிசையாக அடுக்கி வைத்துவிட்டுப் போயிருந்தாள். செல்லைப் போட வேண்டியது மட்டும்தான் பாக்கி. அதை அவரிடம் சொன்னாள். எப்படிச் செய்வது என்பது அவருக்குத் தெரியும்.

"போகலயா?"

"போகலாம்னு இருந்தேன். நாளைக்கு, நாளைக்குன்னு. அங்க டாக்டர் வருவாரு, ஸ்கேன் எடுப்பாங்க, ஏதாவது இருக்கும். அவ கேப்பா. ஃப்ரீஸ் பண்ணியாச்சுன்னு சொல்லிட்டேன்."

"செய்யறதுக்கு முன்னாடியே?"

"ஆமா. சொன்னாத்தான் தூங்குனா."

அவர் கடைசியில் போய் இன்குபேட்டரைத் திறந்தபோது குடுவையில் இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய திரவம் மஞ்சளாகி, பூஞ்சை பிடித்திருந்தது. அவர் அதைக் கழுவிக் கொட்டினார். மரபணு வைக்காத பழைய மூலச் செல் ஆய்வகத்தில் நிறைய இருந்தது. அதை வளர்த்து அவள் கையெழுத்தில் பேர் எழுதிய டியூப்களில் நிரப்பினார்.

"அவ அத்தாட்சி கேட்டா. டியூப உருக்கிப் பாத்தீங்களா, கறுக்குதான்னு. பழைய படத்தத் திருப்பிக் கொண்டுபோய்க் காட்டினேன். ரொம்ப நேரம் பாத்தா. நல்லா இருக்குன்னு சொன்னா. நாலு நாள்ல போயிட்டா."

அவர் போனைத் தன்னிடமிருந்து தள்ளி வைத்தார்.

"அவ நம்பிட்டுப் போனா மேடம். அந்த ஒண்ணுதான் எனக்கு மிச்சம். டைரக்டர் பழைய படங்களக் கேட்டப்ப இதுவும் ஃபைல்ல இருந்துச்சு. எடுத்திருக்கணும். எடுத்தா ஏன்னு கேப்பாங்க. விட்டுட்டேன்."

"அந்தப் பொண்ணு போனாப் போகட்டும்னு."

"அப்படி நினைக்கல. நினைக்காம இருந்தேன். அம்புட்டுதான்."

கதவு திறந்தது. பர்ஹானா எவ்வளவு நேரம் அங்கே நின்றிருந்தாள் என்று தெரியவில்லை. அல் அமீன் அவளைத் தடுக்கவில்லை.

"சார், ஆனந்தி அக்கா நம்பல."

ஜெரோம் நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க படத்தக் காட்டிட்டு கேன்டீனுக்கு காபி வாங்கப் போனீங்கல்ல. நான் அன்னைக்குப் பாக்க வந்திருந்தேன். அப்பச் சொன்னாங்க. இது என்னோட பழைய படம், மூணு மாசம் இதத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன், தலைகீழா வச்சாலும் எனக்குத் தெரியும்னு. டியூப்ல எதுவும் இருக்காது, நீ புதுசா செஞ்சுக்கோன்னு சொன்னாங்க. அந்த மரபணு இருக்கிற பிளாஸ்மிட் எந்தப் பெட்டில இருக்குன்னும் சொன்னாங்க."

ஜெரோம் போனை எடுத்து அந்தப் படத்தை மறுபடி பார்த்தார்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொல்லக் கூடாதுன்னு கேட்டுக்கிட்டாங்க. நல்லா இருக்குன்னு சொன்னதும் உங்க முகம் தெளிஞ்சுதாம். ஆஸ்பத்திரில சேர்த்ததுல இருந்து அன்னைக்குத்தான் தெளிஞ்சுதாம். அது அப்படியே இருக்கட்டும்னாங்க."

சோலையம்மாள் அவரைப் பார்த்தாள். அவர் அழுவார் என்று நினைத்தாள். அவர் அழவில்லை. கணக்கு தப்பாக வந்த ஒருவன் மறுபடி முதலிலிருந்து கூட்டுவதைப் போல எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெளியலம்மா" என்றார். "மாட்டிக்கிடலன்னு ஒரு நிம்மதி. அவ அதப் பாத்துட்டு சந்தோசம்னு நினைச்சிருக்கா."



ஆபீஸ் உதவியாளர் வாசலில் வந்து நின்றார். கமிட்டி ஆட்கள் வந்துவிட்டார்கள், பர்ஹானாவைக் கூப்பிடுகிறார்கள் என்றார். பர்ஹானா துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு திரும்பினாள். ஜெரோம் எழுந்து அவளுக்கு முன்னால் வந்து நின்றார்.

"நீ போய்க் குடுவையப் பாரு. தண்ணிய மாத்து."

"என்னை உள்ள விட மாட்டாங்க சார்."

அவர் கழுத்திலிருந்து தன் அடையாள அட்டையைக் கழற்றி அவளிடம் கொடுத்தார். "கதவு இதுக்குத் திறக்கும். யாராவது கேட்டா நான் குடுத்தேன்னு சொல்லு."

"சார், வேணாம். அக்கா கேட்டுக்கிட்டது..."

"அவ கேட்டுக்கிட்டது எனக்காக. அது போதும்."

அவர் நடந்தார். சோலையம்மாளும் அல் அமீனும் பின்னால் போனார்கள். நீள வராந்தா. முதுகுப் பக்கம் கசங்கிய சட்டை முன்னால் போய்க்கொண்டிருந்தது. அல் அமீன் மெல்லக் கேட்டான். "இவர நம்ம காப்பாத்த முடியாதாக்கா?"

"நம்மள வச்சது அவளக் காப்பாத்தத்தான்" என்றாள் சோலையம்மாள். சொன்ன பிறகு அந்தப் பதில் அவளுக்கே பிடிக்கவில்லை.

கமிட்டி அறையில் ஐந்து பேர் இருந்தார்கள். டைரக்டர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, பர்ஹானாவைத்தானே வரச் சொன்னோம் என்றார். ஜெரோம் அவளுக்குப் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். கைகளை மேசைமேல் வைத்தார்.

கதவு சாத்தப்படுவதற்கு முன் அவர் குரல் வெளியே கேட்டது.

"அந்த டியூப்ல இருக்கிறது ஆனந்தியோட செல் இல்லங்க. அது செத்துப்போச்சு. நான்தான் சாகவிட்டேன்."